இறந்தவர் எந்தத் தேதியில் கட்டுவார்?

2018 ஜூலை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி, 120 சீட். தவணை தவறியவர்களைப் போனில் கூப்பிட்டுப் பணம் கேட்பது வேலை. எந்தக் கடன் நிறுவனத்துக்காக என்பது இங்கே வேண்டாம். டயலர், அதாவது தானாகவே நம்பர் போடும் மென்பொருள், ஒரு எண்ணைப் போட்டுக் கொடுத்தது. ஒரு அம்மா எடுத்தார். கடன் வாங்கியவரின் பெயரைச் சொல்லி, சார் இருக்காங்களா என்று கேட்டேன்.

"அவர் இல்லைங்க."

"எப்ப வருவாங்க மேடம்?"

"வரமாட்டாருங்க. பதினோரு நாள் ஆச்சு."

தமிழில் 'இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் கடைக்குப் போனவரும் அடக்கம், காட்டுக்குப் போனவரும் அடக்கம். பத்து நாள் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. மன்னிச்சுக்கங்க மேடம் என்று ஏதோ உளறிவிட்டு வைத்தேன்.

அழைப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்போசிஷன் என்பார்கள். போன் எடுக்கவில்லை, தவறான எண், கட்டிவிட்டதாகச் சொல்கிறார் என்று வரிசையாக இருக்கும். கடைசிக்கு முந்தைய வரி 'இறந்துவிட்டார்'. அதை அழுத்தினேன். உடனே இன்னொரு பெட்டி திறந்தது: பணம் கட்டும் தேதி. காலியாக விட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் 'இந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும்' என்று வந்தது. நிரப்பாமல் அடுத்த அழைப்பு வராது. அடுத்த அழைப்பு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பதாகக் கணக்காகும்.

டி.எல்.லை, அதாவது டீம் லீடரைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு தேதி போட்டு விடுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே வழி சொன்னார்.

பக்கத்து சீட்டில் ஆரணிக்காரன் ஒருவன். எல்லோரும் அவனை ஆரணி என்றே கூப்பிடுவோம். ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு என் பக்கம் சாய்ந்தான். "அமாவாசை போடு ப்ரோ. அன்னைக்குக் கண்டிப்பா வருவார்."

சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து சிரித்தேன். நிமிர்ந்ததும் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வேலையை விட்டுவிடலாம் என்று அன்று காலை பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன். விடவில்லை. அதற்கப்புறம் 4 வருஷம் 2 மாதம் அங்கேயே இருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

வேலை எப்படி என்றால், 5ஆம் தேதி தவணை பவுன்ஸ் ஆகும். பவுன்ஸ் ஆனதற்கு அபராதம், அதன்மேல் அப்போது ஜிஎஸ்டியும். கணக்கில் பணம் இல்லை என்பதற்காகப் பணம் கேட்கும் ஏற்பாடு இது. எத்தனை நாள் தாமதம் என்பதை வைத்து ஆட்களைப் பக்கெட் பக்கெட்டாகப் பிரிப்பார்கள். முதல் முப்பது நாள் பக்கெட் ஒன்று, அடுத்த முப்பது பக்கெட் இரண்டு. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பேசுகிறவரிடமிருந்து ஒரு பி.டி.பி. வாங்க வேண்டும். பிராமிஸ் டு பே, அதாவது இன்ன தேதியில் கட்டுகிறேன் என்ற வாக்கு. தேதி சொன்னால் விடக் கூடாது, மணி கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 அழைப்புக்கு மேல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக என் கைக்கு வந்தது 12,800 ரூபாய்.

இந்த மொழி வீடு வரை ஒட்டிக்கொண்டு வரும். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் யாராவது இருபது ரூபாய் கைமாற்றுக் கேட்டால், "பி.டி.பி. எப்போ? எத்தனை மணிக்கு?" என்றுதான் பதில் வரும். காதலி போன் எடுக்கவில்லை என்றால் ஆர்.என்.ஆர்., மணி அடிக்கிறது, பதில் இல்லை. மூன்று மாதமாகப் பேசாதவளை வாராக்கடனில் எழுதிவிடுவார்கள்.

அங்கே நான் பார்த்த உச்சக்கட்டக் காட்சியும் டீக்கடையில்தான் நடந்தது. ஒரு மாதம் ஆரணியின் சொந்த போன் தவணையே பவுன்ஸ் ஆகிவிட்டது. அது வேறொரு கடன் நிறுவனம். அவன் கையில் டம்ளரோடு நிற்கிறான், போன் அடிக்கிறது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் ஒரு பையன் மனப்பாடமாக ஆரம்பித்தான்: "சார், உங்க சிபில் ஸ்கோர் பாதிக்கும் சார்…" ஆரணி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, அடுத்த வரி 'நாளைக்கு உங்களுக்கு வீட்டுக்கடன் தேவைப்பட்டா'தானே?" என்றான். அந்தப் பக்கம் அமைதி. "அண்ணே, நீங்களும் கலெக்‌ஷனா?" "பக்கெட் ஒன்னு. நீ?" "ஒன்னுதான்ணே." அப்புறம் பத்து நிமிஷம் இருவரும் இன்சென்டிவ் பற்றிப் பேசினார்கள். எங்கள் இடத்தில் மாதக் கடைசியில் ஸ்லாபை மாற்றிவிடுவார்கள். 27ஆம் தேதி வரை இலக்கைத் தொட்டிருப்போம், 28ஆம் தேதி இலக்கு நகர்ந்திருக்கும். அவர்கள் இடத்தில் அந்தக் கதை இல்லையாம். ஆரணி கடைசியாகக் கேட்டது: "உங்க இடத்துல ஓப்பனிங் இருக்கா தம்பி?" பையன் விண்ணப்பம் அனுப்ப வேண்டிய மெயில் முகவரியைச் சொன்னான். அப்புறம், "அண்ணே, ஒரு பி.டி.பி. மட்டும் குடுத்துடுங்கண்ணே" என்றான்.

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. ஒரே கயிற்றின் இரண்டு முனையில் நின்றுகொண்டு ஒருவன் இன்னொருவனிடம் கயிறு என்ன விலை என்று விசாரிக்கிற மாதிரி இருந்தது.

ஹெச்.ஆர். தனி ரகம். எங்களோடு இருந்த ஓர் அக்காவின் பாட்டி இறந்துபோனார். துக்க விடுப்பு மூன்று நாள் உண்டு, ஆனால் அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான். பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை. வளர்த்ததே பாட்டிதான் என்று அக்கா எழுதிக் கொடுத்ததும், இறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். அக்கா சீட்டுக்குத் திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். முதல் அழைப்பிலேயே ஒருவர், மாமனார் தவறிவிட்டார், இந்த மாதம் கட்ட முடியாது என்கிறார். அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டே, குரல் மாறாமல், "இறப்புச் சான்றிதழ் அனுப்புங்க சார், பார்க்கலாம்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்து முதலில் சிரித்தது அக்காதான். அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கும் தைரியம் வந்தது. துக்கத்தை வைத்து வருகிற நகைச்சுவையைத் துக்கக்காரர்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்பது அன்று பழகியது.

இனி, என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டிய விஷயம். 2019 நவம்பர், இரண்டு நாளாக விடாத மழை. திருவள்ளூர் பக்கம் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருந்த ஒருவர் லைனில் இருந்தார். "ரெண்டு நாளா வண்டியே எடுக்கல தம்பி. அரைச்ச மாவெல்லாம் புளிச்சுப் போச்சு." நான் மியூட்டை அழுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம், "புளிச்சா என்ன, ஊத்தப்பம் ஊத்தச் சொல்லு" என்றேன். வரிசையே சிரித்தது. திரும்பித் திரையைப் பார்க்கிறேன், மியூட் விழவே இல்லை.

லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மழை மட்டும் கேட்டது. அப்புறம் அவர் சொன்னார்: "ஊத்தப்பமும் ஊத்திப் பார்த்தேன் தம்பி. மழையில யாரு வர்றாங்க."

கோபமே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரிதான் சொன்னார். அடுத்த வாரம் குவாலிட்டி டீம் அந்த அழைப்பைக் கேட்டது. எனக்கு 5 மார்க் குறைத்தார்கள். காரணம்: மியூட் பொத்தானைச் சரியாகப் பயன்படுத்தத் தவறியது.

அமாவாசை ஜோக்கும் ஊத்தப்ப ஜோக்கும் ஒரே வரிசையில் பிறந்தவைதான். அந்த அம்மாவின் காதில் விழுந்திருந்தால் முதலாவதும் வலித்திருக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது செத்தவரிடமும் தேதி கேட்ட அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது, மாவு புளித்துப்போன மனிதரைப் பார்த்து நான் சொன்னது. அதற்கப்புறம் எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: இது தவறுதலாக இன்னொருவர் காதில் விழுந்தால் எனக்கு என்ன ஆகும்? மேலே இருக்கிறவர் கேட்டுவிடுவாரோ என்று பயம் வந்தால், சரி, சொல்லலாம். எதிர்முனையில் இருப்பவர் கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றினால், முழுங்கிவிட வேண்டியதுதான். எல்லா நேரமும் முழுங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

மேலே பார்த்து அடிக்கிற ஜோக்குக்கும் ஒரு பாதுகாப்பு விதி உண்டு. வாயோடு முடிய வேண்டும், எழுத்தில் போகக் கூடாது. எங்களுக்குக் கழிவறைக்குப் போகப் 'பயோ பிரேக்' என்று ஒரு நாளைக்கு மொத்தம் 8 நிமிஷம். "நாளைக்கு உள்ள எட்டை இன்னைக்கே அட்வான்ஸா எடுத்துக்கலாமா?" என்பது நெடுநாள் ஓடிய ஜோக். ஒருவன் அந்த அறிவிப்பைப் படம் எடுத்து, இதே வரியைப் போட்டு, எங்கள் குழுவில் போடுவதாக நினைத்து மேனேஜர் இருக்கிற குழுவில் போட்டுவிட்டான். மேனேஜர் முதலில் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். பத்து நிமிஷம் கழித்து அது காணாமல் போனது. சாயங்காலம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த ஆளும் மனிதன்தான், பத்து நிமிஷம் மனிதனாக இருந்தான் என்று ஆரணி சொன்னான். ஆனால் கடிதம் கோப்பில் ஏறியது ஏறியதுதான், அந்த வருஷ இன்க்ரிமென்ட் போச்சு. அலுவலகக் கம்ப்யூட்டர், அலுவலக மெயில், மேனேஜர் இருக்கிற குழு, மூன்றிலும் பல்லைக் காட்டாதீர்கள்.

எழுதுவதாக இருந்தால் வேறு மாதிரி எழுத வேண்டும். நான் ஒரு சின்ன நோட்டில் தினமும் கேட்ட ஜோக்குகளைக் குறித்துவைப்பேன். சும்மா, பஸ்ஸில் படித்துச் சிரிக்கத்தான். சில மாதம் கழித்துப் புரட்டியபோது, ஒரே ஜோக் வெவ்வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. இறந்தவர் தேதி ஜோக் மட்டும் பதினாலு. ஒரு விஷயத்தைப் பற்றி இத்தனை தடவை சிரிக்கிறோம் என்றால் அது ஜோக் இல்லை, புகார். சரி, எத்தனை தடவைதான் இப்படிப் போலித் தேதி போடுகிறோம் என்று எங்கள் வரிசையில் ஒரு மாதம் எண்ணினோம். 23.

இதை 'மனிதாபிமானம் வேண்டாமா' என்று எழுதியிருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். அந்த அக்காதான் யோசனை சொன்னார்: "அவங்க கவலைப்படுற விஷயத்துல எழுதுடா." கொடுத்த வாக்குகளில் எத்தனை பணமாக மாறியது என்ற சதவீதத்தைத்தான் மேலிடம் தினமும் பார்க்கும். எனவே இப்படி எழுதினோம்: இறந்துபோன வாடிக்கையாளர்கள் பேரில் போடப்படும் பி.டி.பி. ஒன்றுகூட நிறைவேறுவதில்லை, இதனால் எங்கள் அணியின் சதவீதம் குறைகிறது, அந்தப் பெட்டியைக் கட்டாயம் இல்லாமல் ஆக்கினால் சதவீதம் உயரும். இறந்தவர்கள் வாக்குத் தவறுகிறார்கள் என்று ஒரு நிர்வாகத்துக்குப் புகார் மனு. எழுதும்போது இரண்டு தடவை எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் கழித்துப் பெட்டி போய்விட்டது. அதற்குப் பதிலாக, இறந்தவர் எண்ணை முப்பது நாள் கழித்து டயலர் மறுபடி போடும், மறு உறுதிக்காக. என்ன செய்வது, அரைக் கிணறாவது தாண்டினோம்.

2020இல் ஊரடங்கு. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைத் தள்ளிவைப்பை அறிவித்தது, அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. பணம் கேட்டே பழகிய வாயால் பணம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலை. தள்ளிவைத்தாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தள்ளிவைப்புக்குப் பெயர் மாரட்டோரியம். அந்தச் சொல் ஜனங்கள் வாயில் படாத பாடு பட்டது. ஆடிட்டோரியம் என்றார்கள், கிரிமட்டோரியம் என்றார்கள். ஒரு பெரியவர், "அந்த மார்ச்சுவரி எனக்கும் போட்டுடுங்க தம்பி" என்றார். அந்த மாதங்களில் செய்தியைப் பார்த்தவர்களுக்கு அது முழு ஜோக்காகவும் படவில்லை.

வீட்டிலிருந்து வேலை. சமையலறைக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். குக்கர் விசில் கேட்டு, "சார், உங்க வீட்டுலயும் சாம்பார்தானா?" என்று கேட்ட வாடிக்கையாளர் உண்டு. ஆனால் ஒரு நாள் பேசி முடித்துத் திரும்பினால் அம்மா கரண்டியோடு நிற்கிறார். "யார்கிட்டடா இப்படிப் பேசுறே?" என்றார். வாடிக்கையாளர்மா என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. என் குரலைத்தான் கேட்டார். அன்று ராத்திரி நோட்டில் இருந்த நல்ல ஜோக்காகப் பார்த்து நாலைந்து சொன்னேன். அம்மா ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. எங்கள் மாடிக்கு வெளியே அந்தச் சரக்கு செல்லாது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் இருந்து பார்த்ததால், இப்படிப்பட்ட அழைப்பு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயம் உண்டு. வீட்டில் கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் போனில் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், டயலருக்குக் காது கிடையாது. இறப்புச் சான்றிதழை இணைத்து நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு மெயில் போடுங்கள். கடனோடு காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்று அதே மெயிலில் கேளுங்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாரிசு அந்தக் கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவராகவோ ஜாமீன்தாரராகவோ இல்லையென்றால், இறந்தவர் விட்டுப்போன சொத்தில் வாரிசுக்கு வந்த அளவுக்கு மேல் அவர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்று, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. அதுவரை நாங்கள் எட்டு, எட்டரை வரை உட்கார்ந்திருப்போம். நாலு வருஷத்தில் எங்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பியது கடன் வாங்கியவர்களுக்காகப் போட்ட விதிதான். எங்களுக்காக யாரும் ஒரு சுற்றறிக்கையும் விடவில்லை.

அந்தச் சுகத்தை ஒரு மாதம்தான் அனுபவித்தேன். செப்டம்பரில் விலகினேன். ஆரணி அதற்கு முன்பே போயிருந்தான், டீக்கடையில் பையன் சொன்ன மெயில் முகவரிக்கு. நான் விலகக் காரணம் பெரிய சண்டை எதுவும் இல்லை. நோட்டில் இரண்டு மாதமாக ஒன்றுமே எழுதவில்லை என்று ஒரு நாள் கவனித்தேன். ஜோக் வராமல் இல்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஆனால், ராஜினாமாவை நீட்டுவதற்கு முன்னால் சம்பளச் சீட்டுகளைச் சொந்த மெயிலுக்கு இறக்கிவையுங்கள், யு.ஏ.என். பாஸ்புக்கில் பி.எஃப். மாதாமாதம் ஏறியிருக்கிறதா பாருங்கள், ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக இருங்கள். வெளியே வந்த பிறகு திட்டிக்கொள்ள ஆயுசு கிடக்கிறது.

இப்போது திருமழிசைப் பக்கம் ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் சம்பளம் 7ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. 5ஆம் தேதி பைக் தவணை பவுன்ஸ். 6ஆம் தேதி காலை போன்.

"வணக்கம் சார், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது…"

குரல் தெரிந்துவிட்டது, ஆரணிதான். என் பெயரைப் படிக்கும்போது அவனும் அரை நொடி தடுக்கினான். பதிவாகிற அழைப்பு, இரண்டு பேரும் ஒன்றும் பேச முடியாது.

"சொல்லுங்க சார்."

"தவணை 3,140 ரூபாய் நிலுவையில இருக்கு சார். காரணம் தெரிஞ்சுக்கலாமா சார்?"

"சம்பளம் நாளைக்குத்தான் வரும் சார்."

"எப்போ கட்டுறீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க சார்."

"அமாவாசைக்குக் கட்டட்டுமா சார்?"

லைன் செத்துப்போன மாதிரி ஆனது. மியூட்டை ஒழுங்காக அழுத்தத் தெரிந்தவன். பத்துப் பதினைந்து நொடி கழித்துத் திரும்பி வந்தான், குரல் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. "நாளைக்குன்னே போட்டுக்கிறேன் சார். எத்தனை மணிக்கு சார்?"

மதியம் இரண்டு என்றேன். நன்றி சொல்லி, இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்தி வைத்தான். ஒரு நிமிஷத்தில் வாட்ஸ்அப் வந்தது, அவன் சொந்த எண்ணிலிருந்து: "கட்டிடுடா நாயே. என் பக்கெட்ல நீ ஒருத்தன்தான் பாக்கி."